ஜீப்புக்குப் புது வயிறு

நந்திதுர்க்கில், மூடிக் கிடக்கும் தங்கச் சுரங்கத்துக்குப் பக்கத்தில், ஒரு பழைய ஜீப்புக்கு பெட்ரோல் டாங்க் மாற்றுகிறார்கள். மூன்று நாள் வேலைதான். ஆனால் ஒரு வாஷர் பிசகினாலும் வண்டியோடு ஆளும் எரிய வேண்டியதுதான்.

இரண்டு பெட்டிகள் தரையில் கிடந்தன. மேஸ்திரி முதல் பெட்டியை விரல் கணுவால் தட்டினார். டங்கென்றது. பளபளக்கும் அலுமினியம், மேலே அழகான மூடி, நான்கு மூலையிலும் பற்றவைத்த தையல். இரண்டாவது பெட்டி கறுப்புப் பூச்சு பூசிய தகரம், பார்க்க ஒன்றுமில்லை. தட்டினார். தொப்பென்றது. "முதல்ல இருக்கிறது டப்பா. இதுதான் டாங்க்" என்றார்.

இரண்டுக்கும் விற்பவர்கள் வைத்திருக்கும் பெயர் ஒன்றே: ஃப்யூயல் செல். ஜீப்பின் சொந்தக்காரர் பெங்களூரில் வேலை பார்க்கும் இளைஞர், வயது 27. கோவாவின் மழைக்காலச் சேற்றிலும் கர்நாடக மலைச்சரிவுகளிலும் நடக்கும் கரடுமுரடுப் பாதைப் போட்டிகளில் ஓட்டும் ஆசை பிடித்தவர். முதலில் மலிவாகக் கிடைத்த அலுமினியப் பெட்டியை வாங்கினார். "இதை மாட்ட மாட்டேன்" என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். பல மடங்கு விலை கொடுத்து அடுத்ததை வரவழைத்தார். அதனுடன் 20 பக்க ஆங்கிலக் கையேடும் வந்தது. மேஸ்திரிக்குத் தமிழும் கன்னடமும் தெலுங்கும் பேச வரும். எழுத்துக் கூட்டிப் படிப்பது தமிழ் மட்டும். கையேட்டைத் தமிழில் எழுதித் தரத்தான் நான் போனேன்.

போன இடத்தில் முதல் வரியிலேயே சறுக்கினேன். ஃப்யூயல் செல் என்றால் 'எரிபொருள் மின்கலம்' என்று பாடப் புத்தகத்தில் உண்டு. ஹைட்ரஜனையும் காற்றிலுள்ள ஆக்ஸிஜனையும் சேர்த்து மின்சாரம் தரும் கருவி அது. 1960களில் அமெரிக்காவின் அபோலோ விண்கலங்களில் மின்சாரத்துக்குப் பயன்பட்டது. அப்படியே எழுதிக் கொடுத்தேன். மேஸ்திரி இரண்டு தடவை படித்துவிட்டு நிமிர்ந்தார். "சார், இது பாட்டரியா, டாங்க்கா? பாட்டரின்னா ஏன் பெட்ரோல் ஊத்தச் சொல்றாங்க?" தமிழ் எம்.ஏ. பட்டத்துக்கு அன்று நல்ல பரீட்சை. பந்தய உலகில் ஃப்யூயல் செல் என்பது வேறு சங்கதி. மோதினாலும் உருண்டாலும் உடைந்து சிந்தாத, உள்ளே ரப்பர் பையும் பஞ்சும் வைத்த பாதுகாப்பு டாங்க். ஆங்கிலக்காரர்கள் ஒரே பெயரை இரண்டுக்கும் வைத்து நம் உயிரை வாங்குகிறார்கள். கடைசியில் 'பை டாங்க்' என்று எழுதினோம். பட்டறையில் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

நந்திதுர்க்கில் இரும்பைப் பற்றிப் பேச ஆள் தேட வேண்டியதில்லை. கோலார் தங்கவயலில் கடைசிவரை ஓடிய சுரங்கங்கள் மூன்று: மைசூர், சாம்பியன் ரீஃப், நந்திதுர்க். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி இறங்கிய காலம் தொட்டு வட ஆர்க்காட்டிலிருந்தும் பக்கத்துச் சீமைகளிலிருந்தும் தமிழர்கள் இங்கே வந்து லைன் வீடுகளில் குடியேறினார்கள். மண்ணுக்குக் கீழே 3 கி.மீ.க்கும் மேலே இறங்கினார்கள். 1902இல் சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியிலிருந்து சுமார் 150 கி.மீ. கம்பி இழுத்து வந்த மின்சாரம் முதலில் இந்தச் சுரங்கங்களுக்குத்தான் வந்தது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி எல்லாம் மூடப்பட்டது. இப்போது இளைஞர்கள் மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்குப் போய் இரவு திரும்புகிறார்கள். சயனைடு மேடுகளில் சினிமா எடுக்கிறார்கள். கரடுமுரடான இடத்தில் ஓடும் வண்டி என்றால் ஊர்க்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது ஜீப் அல்ல, 1964இல் தொடங்கப்பட்ட பெமல் நிறுவனம் இங்குள்ள ஆலையில் செய்யும் புல்டோசர்.

மேஸ்திரி சுரங்கத்தின் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். மூடிய அன்று அவருக்கு வயது 38. கிடைத்த ஓய்வுத் தொகையில் ஒரு வெல்டிங் செட்டும் லேத்தும் வாங்கி, தகரக் கூரை போட்டு உட்கார்ந்தார். பெயர் போட வேண்டாம் என்றார்: "பேர் வந்தா நாளைக்கே ஆர்.டி.ஓ. வந்துடுவார்." அவர் பயத்துக்குக் காரணம் உண்டு. அது பிறகு.

முதலில் ஜீப். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்துக்காகப் பிறந்த வில்லிஸ் ஜீப்பில் பெட்ரோல் டாங்க் இருந்த இடம் டிரைவர் சீட்டுக்கு நேர் அடியில். குண்டு பாயும் போர்க்களத்தில் 15 காலன் பெட்ரோலின் மேல் ஆளை உட்கார வைத்தார்கள். இடமில்லை என்பது தவிர வேறு காரணம் இருந்ததாகத் தெரியவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு மஹிந்திரா அதே பரம்பரை வண்டிகளை பம்பாயில் பூட்டி நாடெங்கும் ஓடவிட்டபோது, பழைய மாடல்களில் டாங்க்கும் முன் சீட்டுக்கு அடியிலேயே குடியிருந்தது. பஞ்சாயத்து யூனியன் ஜீப்பில் ஆணையர் கம்பீரமாக உட்கார்ந்து போன காலத்தில் இதை யாரும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நம் இளைஞரின் ஜீப்பும் அப்படிப்பட்டதுதான். பெட்ரோல் எஞ்சின், கார்புரேட்டர், சீட்டுக்கடியில் துருப்பிடித்த தகர டாங்க். நல்ல சாலையில் அது ஓடும். ஆனால் பாறை மேல் ஏறி இறங்கும் வண்டி வாரம் ஒருமுறை பக்கவாட்டில் சாயும், மாதம் ஒருமுறை உருளும். டாங்க்கின் தையல் விட்டால் பெட்ரோல் நேராக மடியில்தான். காதருகே சைலன்ஸர் கொதிக்கும். டைனமோவில் பொறி பறக்கும்.

பெட்ரோல் எரிவதில்லை, அதன் ஆவிதான் எரிகிறது என்பதை மேஸ்திரி பட்டறைக்கு வரும் எல்லோருக்கும் சொல்கிறார். காற்றில் ஆவி சுமார் ஒன்றரை சதவீதத்திலிருந்து ஏழரை சதவீதம் வரை கலந்திருந்தால் பொறி பட்டதும் பிடிக்கும். அதற்குக் குறைந்தாலும் கூடினாலும் பிடிக்காது. அதனால் நிறைந்த டாங்க்கைவிடக் காலி டாங்க்தான் பயங்கரம். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. பள்ளம் பார்த்துப் படுத்துக்கொள்ளும். பட்டறையின் சர்வீஸ் குழியை அன்று பலகை போட்டு மூடியிருந்தார்கள். பழைய டாங்க்கைக் கழற்றியதும் அவர் செய்த முதல் காரியம், அதில் கழுத்துவரை தண்ணீர் ஊற்றி வைத்தது. "காலி டாங்க்னு நினைச்சு வெல்டிங் வச்சவனோட வீட்டுக்கு நான் சாவுக்குப் போயிருக்கேன்." எந்த ஊர், யார் என்று சொல்லவில்லை.

பை டாங்க் பந்தயங்களுக்கு வந்த கதை ஒரே வாரத்தில் நடந்த இரண்டு விபத்துகளிலிருந்து தொடங்குகிறது. 1964 மே 24ஆம் தேதி அமெரிக்காவின் சார்லட் பந்தயத்தில் ஃபயர்பால் ராபர்ட்ஸ் என்ற புகழ்பெற்ற ஓட்டுநரின் கார் மோதித் தீப்பிடித்தது. உடல் வெந்த அவர் ஜூலை 2ஆம் தேதி இறந்தார். சார்லட் விபத்து நடந்து ஆறே நாளில், மே 30 அன்று இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தின் இரண்டாவது சுற்றில் டேவ் மெக்டொனால்டின் கார் சுவரில் மோதித் தீக்கோளமாயிற்று. அதில் போய் மோதிய எடி சாக்ஸும் பலியானார். லட்சக்கணக்கான பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதன்பின்தான் டயர் கம்பெனியான ஃபயர்ஸ்டோன் தன் ரப்பர் அறிவை டாங்க் பக்கம் திருப்பியது. சில ஆண்டுகளில் அமெரிக்கப் பந்தயங்களில் பை டாங்க் கட்டாயமாயிற்று.

ஆனால் யோசனை பந்தயத்துக்குச் சொந்தமல்ல. குண்டு துளைத்தால் தானே ஓட்டையை அடைத்துக்கொள்ளும் ரப்பர் டாங்க்குகள் இரண்டாம் போரின் விமானங்களிலேயே உண்டு. டாங்க்கில் பஞ்சு அடைக்கும் வித்தையை அமெரிக்க விமானப் படை வியட்நாம் போரில் பயன்படுத்தியது. அதே போர்க் காலத்தில், மிதமான விபத்தில் தப்பிப் பிழைத்தவர்கள் அடுத்து வந்த தீயில் கருகி இறப்பதைப் பார்த்து, 1970 முதல் ஹூயி ஹெலிகாப்டர்களில் மோதலைத் தாங்கும் டாங்க்குகளை வைத்தார்கள். பிழைத்திருக்கக்கூடிய விபத்துகளில் தீயால் ஏற்படும் சாவு அநேகமாக இல்லாமலே போயிற்று. டாங்க்கை மாற்றியதால் மட்டும் இத்தனை உயிர்கள் தப்பின என்பதை அப்போதுதான் உலகம் கணக்குப் போட்டுப் பார்த்தது.

கறுப்புப் பெட்டியைத் திறந்தோம். வெளியே தகரக் கூடு. உள்ளே, நைலான் போன்ற நெசவுத் துணியின் மேல் ரப்பர் பூசிய பை. மடக்கினால் மடங்கும், குத்தினால் எளிதில் கிழியாது. கூடு நசுங்கும்போது பை உடையாமல் உருமாறும். பையின் உள்ளே பஞ்சு. தலையணைப் பஞ்சு அல்ல, தேன்கூடு மாதிரி எல்லாக் கண்களும் திறந்த பாலியூரித்தேன். அது டாங்க்கில் பிடிக்கும் இடம் கொஞ்சம்தான். செய்யும் வேலைகளோ பல. பெட்ரோல் தளும்பாமல் பிடித்து நிறுத்தும். உள்ளே தீ போனாலும் கண்ணுக்குக் கண் தாவ முடியாமல் தடுமாறும். பை கிழிந்தாலும் குபீரென்று கொட்டாமல் ஊறித்தான் வரும். டங்கென்று ஒலித்த அலுமினியப் பெட்டியில் பஞ்சு மட்டும் இருந்தது, பை இல்லை. மோதினால் அதன் பற்றவைத்த தையல் பிளக்கும். சந்தையில் அதுவும் 'ஃப்யூயல் செல்'தான். வாங்குகிறவர்கள் பெயரைப் பார்த்து ஏமாறுகிறார்கள். பையில் சர்வதேச ஆட்டோமொபைல் சம்மேளனத்தின் எஃப்.டி.3 முத்திரையும் தயாரித்த தேதியும் அச்சாகியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் வழி.

எங்கே வைப்பது என்பதில் அரை நாள் போயிற்று. இளைஞருக்கு வண்டியின் வால் பக்கம் வைக்க ஆசை. அங்கேதான் இடம் தாராளம். மேஸ்திரி சாக்பீஸால் தரையில் கணக்குப் போட்டார். 45 லிட்டர் பெட்ரோல் 33 கிலோ. ஜீப்பின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 80 அங்குலம்தான். பின் அச்சுக்கு அப்பால் எடையைத் தொங்கவிட்டால் செங்குத்தான ஏற்றத்தில் மூக்கு தூக்கும். பின்னாலிருந்து வேறு வண்டி இடித்தால் முதல் அடியும் டாங்க்குக்குத்தான். ஆகவே அச்சுக்குச் சற்று முன்னே, சட்டத்தின் இரண்டு நெடுங்கம்பிகளுக்கும் நடுவே இடம் முடிவாயிற்று. டிரைவருக்கும் டாங்க்குக்கும் நடுவே முழு அகலத்துக்கு இரும்புத் தகடு. இடுக்கில் விரல் நுழைந்தால் தீயும் நுழையும் என்று ஓரங்களையெல்லாம் அடைத்தார்.

டாங்க்கைத் தாங்க இரும்புப் பட்டைகளால் கூடை கட்டினார்கள். பெட்டியில் துளை போட்டு போல்ட் முடுக்குவது கூடாது. பட்டை சுற்றி அணைத்துக்கொள்ள வேண்டும், பட்டைக்கும் பெட்டிக்கும் நடுவே ரப்பர். வேலை நடக்கும்போது பை வெளியே, வேறு அறையில். வெல்டிங் பொறி ஒன்று விழுந்தால் போதும், கொடுத்த காசு போச்சு.

குழாய் வேலையில் என் மொழிபெயர்ப்பு மறுபடி சிக்கியது. கையேட்டில் ஹோஸ் அளவு '8' என்று இருந்தது. எட்டு என்ன? மில்லிமீட்டரா? நல்ல வேளை, கேட்டுத் தெரிந்துகொண்டோம்: அமெரிக்க விமானக் கணக்கில் அது அங்குலத்தில் பதினாறில் எட்டு, அதாவது அரை அங்குலம். எட்டு மில்லிமீட்டர் என்று வாங்கியிருந்தால் இணைப்பு பிடிக்காமல் கசிந்திருக்கும். பெட்ரோல் ஹோஸ் ஆள் உட்காரும் பகுதி வழியே போவதாக இருந்தால் நடுவில் ஒரு இணைப்பும் இருக்கக்கூடாது. இவர்கள் வண்டிக்கு அடியில், சைலன்ஸருக்கு எதிர்ப்பக்கமாகக் கொண்டுபோனார்கள்.

மூச்சுக்குழாய்தான் பலரும் கோட்டைவிடும் இடம். பெட்ரோல் குறையக் குறைய டாங்க் காற்றை இழுக்க வேண்டும். வெயிலில் ஆவி வெளியேற வேண்டும். ஆனால் வண்டி கவிழ்ந்தால் அதே குழாய் வழியே பெட்ரோல் ஒழுகும். அதற்காக உள்ளே ஒரு குண்டு வால்வு. நேராக நின்றால் திறந்திருக்கும், தலைகீழானால் அடைத்துக்கொள்ளும். மேஸ்திரி அதைக் கையில் வைத்துக் கவிழ்த்துக் கவிழ்த்து வாயால் ஊதிப் பார்த்தார். பத்துத் தடவை. பிறகு இளைஞரை ஊதச் சொன்னார். பிறகு என்னை.

அடுத்து எர்த் கம்பி. நிரப்பும்போது ஓடும் பெட்ரோலும் பஞ்சும் உரசி மின்னேற்றம் சேரும். மூடி, கூடு, சட்டம் மூன்றையும் செம்புக் கம்பியால் இணைத்தார். பெட்ரோல் கேனையும் வண்டி மேல் வைத்து ஊற்றாமல் தரையில் வைத்து நிரப்ப வேண்டும் என்று என் தமிழ்க் கையேட்டில் சிவப்பு மையால் கோடு போடச் சொன்னார். மின்சார பம்ப்புக்கு டிரைவர் கைக்கெட்டும் இடத்திலும் வெளியே நிற்பவர் கைக்கெட்டும் இடத்திலும் கட் ஸ்விட்ச். கார்புரேட்டருக்குக் குறைந்த அழுத்தம் போதும். இஞ்ஜெக்ஷன் வண்டிக்கான பம்ப்பை வைத்தால் ஊசி வால்வு தாங்காமல் பெட்ரோல் எஞ்சின் மேல் வழியும். தீயைத் தடுக்கப் போய்த் தீயை வளர்த்த கதையாகும்.

கேஜ் மட்டும் வேடிக்கை காட்டியது. நிரப்பினால் காலி என்றது. காலியானால் நிறைவு என்றது. டாங்க்கின் மிதவைக்கு ஒரு ஓம் கணக்கு, ஜீப்பின் பழைய மீட்டருக்கு வேறு கணக்கு. பொருத்தமான மீட்டர் கிடைக்கும்வரை மூங்கில் குச்சி விட்டுப் பார்க்கலாமா என்று இளைஞர் கேட்டார். பஞ்சில் குச்சி எப்படி இறங்கும் என்று மேஸ்திரி திருப்பிக் கேட்டார்.

டீ இடைவேளையில் அந்த இன்னொரு 'செல்' பற்றிப் பேச்சு வந்தது. கனடாவின் ரெட் லேக்கில் காம்ப்பெல் என்றொரு தங்கச் சுரங்கம். அங்கே 2002இல், பாட்டரியில் ஓடிய ஒரு சின்ன சுரங்க ரயில் எஞ்சினில் பாட்டரியைக் கழற்றிவிட்டு ஹைட்ரஜன் மின்கலத்தை மாட்டி ஓட்டிப் பார்த்தார்கள். சக்தி இரட்டிப்பு. பாட்டரி ஏற 8 மணி நேரம் என்றால் ஹைட்ரஜன் நிரப்ப ஒரு மணி நேரம். புகை இல்லை, தண்ணீர்தான். 2022இல் தென்னாப்பிரிக்காவின் மொகலக்வேனா பிளாட்டினச் சுரங்கத்தில் ஒரு ராட்சத டம்பர் லாரியின் டீசல் எஞ்சினை எடுத்துவிட்டு அதேபோல மாற்றினார்கள். 2025 மே மாதம் சத்தீஸ்கரின் ராய்கர் பகுதியில் நிலக்கரி ஏற்ற ஹைட்ரஜன் லாரி இறங்கியது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மேஸ்திரி முதல் செய்தியின் ஆண்டை மட்டும் மறுபடி கேட்டார். 2002. "நம்மது மூடி அடுத்த வருஷம்" என்றார். டீ கிளாஸைக் கழுவி வைத்தார்.

இனி ஆர்.டி.ஓ. பயம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியைத் திருத்தக்கூடாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பாதுகாப்பைக் கூட்டும் மாற்றமாயிற்றே என்று வாதாடலாம். அதிகாரி புத்தகத்தைத்தான் பார்ப்பார், இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியும் அதைத்தான் பார்க்கும். பொதுச் சாலையில் அந்த ஜீப்பை ஓட்டி, விபத்து நடந்து, எதிரே வந்தவர் அடிபட்டால் நஷ்ட ஈட்டு வழக்கில் இந்த டாங்க் இளைஞரின் கழுத்தைச் சுற்றும். எனவே வண்டி இனி போட்டிக்கு டிரெய்லரில்தான் போகும் என்பது மேஸ்திரி போட்ட முதல் நிபந்தனை. அலங்கார டயருக்கும் உயிர் காக்கும் டாங்க்குக்கும் ஒரே பிரிவைக் காட்டும் சட்டம் கொஞ்சம் கண் திறந்து பார்க்கலாம். ஆனால் டங்கென்று ஒலிக்கும் டப்பாக்கள் விற்கும் சந்தையில், முத்திரை பார்க்கத் தெரிந்த ஆள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் உட்காராதவரை கண்ணைத் திறந்தும் பயனில்லை என்பதும் நிஜம்.

கையேட்டில் இல்லாத ஒரு விஷயத்தை நாங்களாகச் சேர்த்தோம். இந்தியாவில் இப்போது விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். சிலவகைப் பஞ்சு ஆல்கஹாலில் ஊறினால் நாளடைவில் பொடிந்து உதிரும். துகள் ஃபில்டரை அடைக்கும். பாறை உச்சியில் எஞ்சின் நிற்கும். அதனால் எத்தனால் தாங்கும் பஞ்சா என்று விற்றவரிடம் எழுத்தில் வாங்கினார் இளைஞர். தவிர, ஆறு மாதத்துக்கொரு முறை மூடியைத் திறந்து பஞ்சைக் கிள்ளிப் பார்ப்பதாக ஒப்பந்தம். கையில் ஒட்டினால் மாற்ற வேண்டும்.

மூன்றாம் நாள் மாலை ஐந்து லிட்டர் மட்டும் ஊற்றி, இணைப்பு ஒவ்வொன்றிலும் விரல் வைத்துப் பார்த்தார்கள். ஈரமில்லை. இரண்டு ஜாக்கியும் சங்கிலியும் போட்டு ஜீப்பை ஒரு பக்கமாகச் சாய்த்து அரை மணி நேரம் நிறுத்தினார்கள். பட்டறையில் யாரும் பேசவில்லை. மூச்சுக்குழாயின் கீழே வைத்த வெள்ளைத் துணியில் ஒரு சொட்டுக்கூட இல்லை. இளைஞரின் அம்மா அந்த நேரம் சோற்றுத் தூக்குடன் வந்தார். சாய்ந்து நிற்கும் வண்டியைப் பார்த்தார். "இவ்வளவு செலவு பண்ணி உருட்டத்தான் போறியா?" என்று மகனைக் கேட்டார். அவர் கணவர் நந்திதுர்க் ஷாஃப்ட்டில் வேலை பார்த்தவர். கேஜில் இறங்கிய மனிதன் மேலே வருகிற வரை காத்திருந்த வருடங்கள் அந்த அம்மாளுக்கு இருக்கின்றன. மகனிடம் பதில் இல்லை. மேஸ்திரிதான் சமாளித்தார்: "உருண்டாலும் வீட்டுக்கு வரணும்னுதான் அக்கா."

கூலியை எண்ணி வாங்கிய பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். பையின் ஆயுள் தயாரித்த தேதியிலிருந்து ஐந்து ஆண்டு. தயாரிப்பாளரே சோதித்துச் சான்று தந்தால் இன்னும் இரண்டு. பார்க்க நன்றாக இருக்கிறது என்று அதற்குமேல் ஓட்டக்கூடாது. பையில் அச்சாகியிருந்த ஆண்டு 2024. மஞ்சள் பெயிண்ட் டப்பாவைத் திறந்து, ஸ்டீயரிங்குக்கு நேர் எதிரே, கண்ணில் படாமல் தப்பவே முடியாத இடத்தில், நான்கு விரல் உயரத்துக்கு எழுதினார்: 2029. எழுதிவிட்டு, தண்ணீர் நிறைந்த பழைய டாங்க்கை இரண்டு பேராகத் தூக்கிச் சுவரோரமாக வைத்தார்கள்.